வைக்கோல் கன்று

அந்தக் கோப்பில் மொத்தம் 11 வரிகள்தான் இருந்தன. எங்கள் பேருந்து முன்பதிவு அமைப்பின் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனைகளில், பயணியின் வங்கியிலிருந்து பணத்தை வாங்கித் தரும் வெளிச்சேவையான பேமென்ட் கேட்வேயின் இடத்தில் நின்று பதில் சொல்வதற்காக நானே எழுதிய ஸ்டப் அது. எந்த ஆர்டர் எண்ணை அனுப்பினாலும், எவ்வளவு தொகையை அனுப்பினாலும், 5 மில்லிநொடிக்குள், கோரிக்கை சரி என்று பொருள்படும் 200 என்ற நிலைக்குறியீட்டோடு 'வெற்றி' என்று ஜேசான் வடிவில் ஒரு பதிலைத் தரும். தொகை 13 ரூபாயாக இருந்தால் மட்டும் 'தோல்வி' என்று சொல்லும். அந்த 13ஐ நினைத்து அன்று எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. தோல்வியையும் விடாமல் சோதிக்கிறோமே என்று.

அதை எழுதி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை, சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் பேருந்துகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் இடம் பிடித்துக்கொண்டிருந்தபோது, கேட்வே வெற்றி என்றும் சொல்லாமல் தோல்வி என்றும் சொல்லாமல் 'நிலுவை' என்று பதில் தரத் தொடங்கியது. யுபிஐ வழியாகப் பணம் கட்டியிருக்கும் எவருக்கும் அந்த நிலை புதிதல்ல. வங்கியிலிருந்து உறுதி வரும்வரை பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் நிரலுக்கோ அது முற்றிலும் புதிது. வெற்றி என்றால் இருக்கையை உறுதி செய், இல்லையென்றால் இருக்கையை விடுவி என்று இரண்டே கிளைகளில் நான் அதை எழுதியிருந்தேன். நிலுவை, 'இல்லையென்றால்' பக்கம் போய் விழுந்தது. இருக்கை விடுவிக்கப்பட்டது, அடுத்த நொடியே வேறொருவர் அதைப் பிடித்துக்கொண்டார், 14 நிமிடங்கள் கழித்து முதலாமவரின் கணக்கிலிருந்து பணமும் போனது.

அன்றிரவு வாடிக்கையாளர் அழைப்புகளை ஏற்பவர்களோடு நானும் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் பேசியவர் ஒரு பெரியவர். "தம்பி, பணம் எடுத்ததுக்கு பேங்க்லேருந்து மெசேஜ் வந்துடுச்சு, டிக்கெட் மட்டும் வரல. நான் இப்ப திருநெல்வேலிக்கு எப்படிப் போறது, நீங்களே சொல்லுங்க" என்றவர், நான் எழுதிக்கொள்ள வசதியாக 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துப் படித்துக் காட்டினார். பணம் திரும்பிவிடும் என்று உறுதியளிக்க முடிந்தது. இருக்கையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை சோதனைகளை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தோற்றுச் சிவக்கவில்லை, எல்லாமே தேறிப் பச்சை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஸ்டப் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதை யார் எழுதினது?" என்று கேட்டுக்கொண்டே, எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டாள். பதினொரு வரியிலும் என் பெயர். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்வே நிறுவனத்தின் ஆவணத்தில், நிலைகளைப் பட்டியலிடும் அட்டவணையின் மூன்றாவது வரியில் நிலுவை தெளிவாகவே இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படித்தும் இருந்தேன். ஆனால் நிரலை எழுதும்போது என் மனத்தில் இரண்டு நிலைகளே தங்கியிருந்தன, ஸ்டப்பை எழுதும்போதும் அதே இரண்டுதான். என் நம்பிக்கையின் ஒரு பிரதியை நிரலிலும் மறு பிரதியை ஸ்டப்பிலும் எழுதிவைத்துவிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று இரண்டரை ஆண்டுகள் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஒருங்கிணைப்புச் சோதனை.

இந்த இடத்தில் எனக்கு என் அம்மாவின் ஊர் நினைவுக்கு வரும். பால் மாட்டின் கன்று இறந்துபோனால், அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, கறக்கும் நேரத்தில் பசுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே சுரந்து கொடுக்கும். அதில் ஏமாற்று உண்டு, ஆனால் செய்கிறவருக்கு அது ஏமாற்று என்று நன்றாகத் தெரியும். வைக்கோல் கன்றைப் பார்த்துக் கன்று நலமாயிருக்கிறது என்று யாரும் முடிவுகட்டியதில்லை. ஸ்டப்பின் வேலையும் அவ்வளவுதான். எதிரே ஒரு சேவை இருக்கிறது என்று நம் நிரலை நம்பவைத்து, அதைச் சுரக்கவைப்பது. சுரந்ததை அளந்து பார்க்கலாம். எதிரே நிற்பதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இத்தகைய மாற்றுகளுக்கெல்லாம் சேர்த்து 'டெஸ்ட் டபுள்' என்ற பொதுப்பெயரைக் கொடுத்தவர் ஜெரார்டு மெசரோஸ். திரைப்படத்தில் நாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கும் சண்டைக் கலைஞரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அவர் அதை எடுத்தார். நம் ஊரில் அவரை டூப் என்கிறோம், இந்தப் பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 2007இல் அவர் வகுத்தபடி இதில் ஐந்து வகை உண்டு: இடத்தை நிரப்ப மட்டும் நிற்கும் டம்மி, முன்பே எழுதிவைத்த பதிலைத் தரும் ஸ்டப், யார் எப்படி அழைத்தார்கள் என்று குறித்துவைக்கும் ஸ்பை, இப்படித்தான் அழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்கும் மாக், எளிமையாக ஆனால் உண்மையாகவே வேலை செய்யும் ஃபேக். அலுவலகத்தில் ஐந்தையும் மாக் என்றே சொல்கிறோம், அதனால் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடவில்லை. ஸ்டப்புக்கும் ஃபேக்குக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்: ஃபேக்குக்கு நினைவு உண்டு, ஸ்டப்புக்குக் கிடையாது. என் ஸ்டப்பிடம் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் கேட்டாலும் இரண்டு முறையும் வெற்றி என்றுதான் சொல்லும்.

ஸ்டப்பே கூடாது, எல்லாவற்றையும் உண்மையான சேவையோடுதான் சோதிக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஒரு வரி திருத்தத்தை வெளியிட வேண்டியிருக்கும்போது, எதிர்த்தரப்பு சோதனைக்கென்றே திறந்துவைத்திருக்கும் சாண்ட்பாக்ஸ் பராமரிப்புக்காக மூடப்பட்டு, சம்பந்தமே இல்லாத நாற்பது சோதனைகள் சிவந்து கிடப்பதை அவர்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். உண்மையான எஸ்எம்எஸ் சேவையோடு இணைத்துவிட்டு, இரவு முழுவதும் ஓடிய சோதனை யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் கைபேசிக்கு ஓடிபியாக அனுப்பிக்கொண்டிருந்த கதையும் எங்களிடம் உண்டு. ஒன்பதைப் பத்து முறை தட்டி எழுதும் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே டூப் வேண்டும். எந்தக் காட்சியில் வேண்டும் என்பதில்தான் நான் பல ஆண்டுகள் தவறாக இருந்தேன். இதை யோசிக்க எனக்கு மிகவும் உதவியது ஒரு ராக்கெட்.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. முதன்மை எஞ்சின் பற்றவைக்கப்பட்டுச் சுமார் 37 நொடிகளில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், பாதையைவிட்டு விலகி, உடைந்து, வெடித்தது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அதோடு போயின. 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் திணிக்கப் போய், எண் கொள்ளாமல், திசையும் வேகமும் கணிக்கும் கருவி நின்றுபோனது என்ற அளவில் இந்தக் கதையைக் கல்லூரியிலேயே கேட்டிருப்போம். அந்த மென்பொருள் ஏரியான் 4க்காக எழுதப்பட்டது. ஏரியான் 5 புறப்பட்ட சில நொடிகளிலேயே அதைவிட மிக அதிகமான கிடைமட்ட வேகத்தை எட்டிவிடும். நின்றுபோன கணக்கீடோ ராக்கெட் தரையில் நிற்கும்வரை மட்டுமே பயனுள்ளது. பழைய ராக்கெட்டின் ஒரு தேவைக்காக, பறக்கத் தொடங்கிய பிறகும் சுமார் 40 நொடிகள் அது ஓடிக்கொண்டிருக்கும்படி விட்டிருந்தார்கள். மாற்றுக்கருவி ஒன்றும் இருந்தது. அதிலும் அதே மென்பொருள்தான் என்பதால், அது 72 மில்லிநொடி நீளமுள்ள முந்தைய தரவுச் சுற்றிலேயே அதே காரணத்தால் நின்றிருந்தது.

கல்லூரியில் சொல்லாத பகுதி, ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் சோதனைகளைப் பற்றி வருகிறது. ஏவுவதற்கு முன்பு தரையில் முழுப் பயணத்தையும் பலமுறை பாவனையாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளில் பல கருவிகள் உண்மையானவையே. ஆனால் இந்தத் திசைக்கருவிகள் இரண்டும் மட்டும் அங்கே இல்லை; அவற்றின் இடத்தில், அவற்றைப் போல நடிக்கத் தனியாக எழுதப்பட்ட மென்பொருள் நின்றது. உண்மையான கருவியை வைத்தும் சில சோதனைகள் நடந்தன. அவை மின் இணைப்பு சரியாக இருக்கிறதா, தகவல் போய்வருகிறதா என்ற அளவில் நின்றுவிட்டன. நம் மொழியில் சொன்னால், பிங் போகிறது, பதில் வருகிறது, மற்றதை ஸ்டப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு அறிக்கை பட்டியலிடும் காரணங்களைப் படித்தபோது, காலை பத்து மணி ஸ்டாண்ட்அப் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அந்தக் கருவி தனியாகச் சோதிக்கப்பட்டுத் தகுதி பெற்றுவிட்டது. சோதனைக் கூடத்தின் மின்னணுவியல் உருவாக்கும் சமிக்ஞைகளால் வேண்டிய துல்லியத்தை எட்ட முடியாது. கருவி 1 மில்லிநொடிக்கு ஒருமுறை இயங்குகிறது, கூடத்தின் பாவனை 6 மில்லிநொடிக்கு ஒருமுறை. இரண்டையும் இணைப்பது சிக்கல். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: கருவி பழுதானால் என்ன ஆகும் என்பதை உண்மையான கருவியை வைத்துச் சோதிக்க முடியாது, மாதிரியை வைத்தால்தான் முடியும். இவை தொழில்நுட்ப அளவில் செல்லுபடியாகும் காரணங்களே என்று விசாரணைக் குழுவும் ஏற்றுக்கொண்டது. ஆனால் முழு அமைப்பையும் சோதிப்பது இணைப்புகளைச் சரிபார்ப்பதற்கு மட்டுமல்ல, குறிப்பிட்ட அந்தப் பயன்பாட்டுக்கு முழு அமைப்பும் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கும்தான். முந்தைய ராக்கெட்டில் ஓடியது, தனியாகத் தேறியது என்பதை வைத்து முக்கியமான ஒரு கருவியை வெளியே விட்டதில் ஆபத்து இருந்தது என்று அது முடிவுசெய்தது. விபத்துக்குப் பிறகு, அந்தக் கருவியின் மென்பொருளுக்கு உண்மையான பயணப்பாதையின் தரவைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தபோது, நடந்த தோல்வி அப்படியே மறுபடி நடந்தது.

நான்காவது காரணத்தில் நான் நெடுநேரம் நின்றேன். பழுதைச் சோதிக்க மாதிரி வேண்டும் என்பது முழுக்க உண்மை. கேட்வேயிடம் போய், இப்போது பாதி பதிலை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டியுங்கள் என்று நாம் கேட்க முடியாது. ஸ்டப்பிடம் கேட்கலாம், உண்மையில் ஸ்டப்பிடம் மட்டுமே கேட்கலாம். ஆனால் அன்றாடத்தில் நாம் செய்வது நேர்மாறு. சேவை ஒழுங்காக வேலை செய்யும் காட்சிக்கு ஸ்டப்பை நிறுத்துகிறோம். அது உண்மையான சேவையே தாராளமாக நடித்துக் காட்டக்கூடிய காட்சி. மாடியிலிருந்து விழும் காட்சியை எடுப்பதே இல்லை. நாயகன் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கும் காட்சிக்கு டூப்பை அழைத்துவிட்டு, சண்டைக் காட்சியைப் படத்திலிருந்தே நீக்கிவிடுவதற்கு ஒப்பானது இது. என் 11 வரிகளில் இருந்த ஒரே சண்டைக் காட்சி, 13 ரூபாய்.

பிறகு நாங்கள் செய்த முதல் வேலை, மோசமாக நடந்துகொள்ளும் ஸ்டப்புகளை எழுதியது. வயர்மாக் என்ற கருவியில் இது எளிது: பதிலை 30 நொடி தாமதிக்கச் சொல்லலாம், ஒன்றுமே அனுப்பாமல் இணைப்பை மூடச் சொல்லலாம், 200 என்று தொடங்கிவிட்டுப் பிறகு குப்பையை அனுப்பச் சொல்லலாம், நடுவில் இணைப்பை முறிக்கச் சொல்லலாம். தாமதத்தைச் சேர்த்த அன்றே ஒரு சோதனை முடியவே இல்லை. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பைத்தான் சேவையில் பிற சேவைகளை அழைக்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தை, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற டைம்அவுட்டைக் கொடுக்காமல் யாரோ அழைத்திருந்தார்கள். நாமாகச் சொல்லாவிட்டால் அந்த நூலகம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். 5 மில்லிநொடியில் பதில் தரும் ஸ்டப்பை வைத்துக்கொண்டு இதை நூறு ஆண்டுகள் சோதித்தாலும் தெரிந்திருக்காது.

இரண்டாவதாக அகப்பட்டது இன்னும் மோசம். கேட்வே பணத்தை எடுத்துக்கொண்டு, பதில் அனுப்புவதற்குள் இணைப்பு முறிந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். எங்கள் நிரல் அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி முயன்றது. மறுபடியும் பணம் எடுக்கச் சொன்னது. ஒரே ஆர்டர் எண்ணைக் கோரிக்கையின் அடையாளமாக அனுப்பினால், இரண்டாவது முறை பணம் எடுக்காமல் முதல் முறையின் விடையையே திருப்பித் தரும் வசதி கேட்வேயில் இருந்தது. நாங்கள் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண்ணை உருவாக்கிக்கொண்டிருந்தோம். இந்தப் பிழையைப் பிடிக்க ஸ்டப் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்த எண்ணுக்கு எவ்வளவு எடுத்தோம் என்று நினைவு வைத்திருக்கும் சிறிய ஃபேக் ஒன்றை எழுதிய பிறகுதான், ஒரே பயணிக்கு இரண்டு பற்று விழுவதைக் கண்ணால் பார்த்தோம்.

தரவுத்தளத்தின் கதை வேறு. எங்கள் இருக்கைச் சேவையின் சோதனைகள் நெடுநாளாக எச்2 என்ற, நினைவகத்திலேயே ஓடும் தரவுத்தளத்தில் நடந்துகொண்டிருந்தன, பயணிகள் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனில் போஸ்ட்கிரெஸ். இரண்டிடமும் பேசும் மொழியான எஸ்க்யூஎல் ஒன்றுதானே என்ற நம்பிக்கை. முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பைத் தரவுத்தளத்தில் பரிவர்த்தனை என்பார்கள். அப்படி ஒரு பரிவர்த்தனைக்குள் 14ஆம் எண் இருக்கையைப் பதிவுசெய்ய முயல்வோம். அது ஏற்கெனவே போயிருந்தால், ஒரே இருக்கை இருமுறை பதிவாகாமல் தடுக்கும் தனித்துவக் கட்டுப்பாடு மீறப்பட்டுப் பிழை வரும். அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு, அதே பரிவர்த்தனையில் 15ஆம் இருக்கையை முயல்வோம். எச்2வில் அழகாக ஓடியது. போஸ்ட்கிரெஸில் ஒரு பரிவர்த்தனைக்குள் ஒரு கட்டளை தவறிவிட்டால், அந்தப் பரிவர்த்தனையே கைவிடப்பட்டதாகிவிடும். பின்வாங்கும்வரை அடுத்து என்ன சொன்னாலும் காதில் வாங்காது. ஆக 15ஆம் இருக்கை காலியாக இருந்தும் யாருக்கும் கிடைக்கவில்லை. பரிவர்த்தனையின் நடுவே திரும்பிவர ஒரு குறியாக நிற்கும் சேவ்பாயின்ட் வைத்துச் சரிசெய்தோம், ஆனால் அது முக்கியமல்ல. இங்கே ஸ்டப் எழுதியவர் யாரும் இல்லை, தவறான நம்பிக்கையை யாரும் எழுதிவைக்கவும் இல்லை. நன்றாக எழுதப்பட்ட, முழுமையான, வேறொரு மென்பொருளை டூப்பாக நிறுத்தினோம். ஆள் திறமையானவர்தான், முகம்தான் வேறு. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை இப்படிப் பயன்படுத்துபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பத்து எழுத்து என்று வரையறுத்த நெடுவரிசையில் இருநூறு எழுத்தைப் போட்டாலும் அது முகம் சுளிக்காது.

இப்போது அந்தச் சோதனைகள் ஒவ்வொரு முறையும், மென்பொருளைத் தனிப்பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரில் உண்மையான போஸ்ட்கிரெஸையே எழுப்பி ஓடுகின்றன. 2015இல் ரிச்சர்டு நார்த் தொடங்கிய டெஸ்ட்கன்டெய்னர்ஸ் இதை ஒரு சில வரி வேலையாக்கிவிட்டது. சில நொடிகள் கூடுதலாக ஆகும், அவ்வளவே. இதிலிருந்து எனக்கென்று ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டேன். என் கணினியிலேயே எழுப்பி நிறுத்த முடிகிற எதற்கும், அது தரவுத்தளமோ, காஃப்கா, ரெடிஸ் போன்ற துணை மென்பொருளோ, டூப் போடுவதில்லை. என்னால் எழுப்ப முடியாத, வேறொருவரின் கட்டடத்தில் ஓடுகிற சேவைக்குத்தான் டூப். என்னுடைய பெரிய வருத்தம், இந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்பவைதான் அறிவிப்பில்லாமல் மாறுகிறவையும்கூட.

அந்த மாற்றத்தைப் பிடிக்கப் பலவற்றை முயன்றோம். உண்மையான பதில்களைப் பதிவுசெய்து பிறகு அவற்றையே ஓட்டிக்காட்டும் முறை ஒன்று உண்டு; ரூபி நிரல்மொழியின் உலகில் 2010இல் மைரன் மார்ஸ்டன் எழுதிய விசிஆர் அதைப் பரவலாக்கியது, பதிவுக் கோப்புகளுக்குக் கேசட் என்றே பெயர். கையால் எழுதும் ஸ்டப்பைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் அதில் இருப்பது என் நம்பிக்கையல்ல, ஒருநாள் உண்மையில் வந்த பதில். ஆனால் அந்த ஒருநாள் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய கேசட்டில் நாடா சிக்கியதைப் போல, ஒரு பதிவுக்குள் எங்கள் சாண்ட்பாக்ஸின் ரகசியச் சாவியும் சிக்கிக்கொண்டு கிட்டுக்குள் போய்விட்டதை ஐந்து மாதம் கழித்துக் கண்டுபிடித்தோம்.

நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் குழுக்களுக்கிடையில் பேக்ட் என்ற கருவி நன்றாக உதவியது. 2013 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டுமனை இணையதளத்தின் பொறியாளர்கள் தொடங்கியது அது. அழைக்கும் தரப்பு, நான் இப்படிக் கேட்பேன், நீ இப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுகிறது. அந்த ஒப்பந்தமே அழைக்கும் தரப்புக்கு ஸ்டப்பாகவும், பதில் சொல்லும் தரப்புக்குச் சோதனையாகவும் ஆகிறது. ஸ்டப் பொய் சொன்னால், நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் மறுபக்கத்தின் பில்டு உடைந்துவிடும் என்பதுதான் இதன் அழகு. இருக்கைச் சேவைக் குழுவோடு இதைச் செய்தோம். முதல் மாதம் ஒரே சண்டை, பிறகு பழகிவிட்டது. ஆனால் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் போய், என் ஒப்பந்தத்தை உங்கள் பில்டில் ஓட்டுங்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அங்கே மீதமிருப்பது சாண்ட்பாக்ஸ். 4111 1111 1111 1111 என்ற சோதனை அட்டை எண்ணை இந்தத் துறையில் இருப்பவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதை ஏற்றுக்கொண்டு வெற்றி என்று சொல்வது உண்மையான வங்கி அல்ல, சாண்ட்பாக்ஸும் ஒரு டூப்தான். வேறுபாடு, அது அவர்கள் எழுதிய டூப். தன் சேவையைப் பற்றி அவர்கள் கொண்டிருக்கும் நம்பிக்கை என்னுடையதைவிட நிச்சயம் மேலானது. எனவே ஸ்டப்பின் பதில்களைப் பற்றிய எதிர்பார்ப்புகளையெல்லாம் ஒரே தொகுதியாக எழுதினோம்: இந்தப் புலம் இருக்க வேண்டும், இது எண், இது சரம், தொகை பைசாவில், நிலை இந்த மூன்றில் ஒன்று. பகலில் ஒவ்வொரு பில்டிலும் அந்தத் தொகுதி ஸ்டப்பின்மீது ஓடும். விடியற்காலை 4 மணிக்கு அதே தொகுதி, முகவரி மட்டும் மாறி, சாண்ட்பாக்ஸின்மீது ஓடும். அது சிவந்தால் யாருடைய வெளியீடும் நிற்காது. குழுவின் அரட்டையில் ஒரு செய்தி மட்டும் விழும். தொடக்கத்தில் அதை வெளியீட்டைத் தடுக்கும் சோதனையாக வைத்து, மூன்றே நாளில் எல்லாரும் அதை வெறுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த ஏற்பாட்டுக்கு வந்தோம்.

சென்ற ஆண்டு ஒருநாள் அந்தச் செய்தி விழுந்தது. பணம் கட்டிய நேரம் அதுவரை இந்திய நேரத்தில், +05:30 என்ற வாலோடு வந்துகொண்டிருந்தது. அன்று முதல் சாண்ட்பாக்ஸில் அது உலகப் பொது நேரத்தில், இசட் என்ற எழுத்தோடு வந்தது. முறைப்படி பார்த்தால் இரண்டும் ஒரே கணத்தைத்தான் குறிக்கின்றன, எனவே அவர்கள் அதை மாற்றம் என்றே கருதியிருக்கமாட்டார்கள். ஸ்டப்பையும் அவ்வாறே மாற்றி ஓட்டினோம். மூன்று சோதனைகள் சிவந்தன; இரண்டு சோதனையின் குறை, ஒன்று எங்கள் குறை. தினசரிக் கணக்கு எழுதும் நிரல், நேரத்தின் முதல் பத்து எழுத்துகளை வெட்டி அதையே தேதியாக எடுத்துக்கொண்டிருந்தது. புதிய வடிவத்தில், நள்ளிரவு 12 மணியிலிருந்து 5.30 வரை கட்டிய பணமெல்லாம் முந்தைய நாளின் கணக்கில் போய் உட்காரும். அந்த நேரத்தில் யார் டிக்கெட் எடுப்பார்கள் என்று கேட்கலாம். பண்டிகைக்கு முன்பதிவு நள்ளிரவில் திறக்கும் நாளில் எல்லாரும் அந்த நேரத்தில்தான் எடுப்பார்கள்.

நிலுவையும் இப்போது அந்தத் தொகுதியில் இருக்கிறது. சாண்ட்பாக்ஸிலும் அதை வரவழைக்க ஒரு சோதனைக் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நிலுவை எப்போதும் சரியாக 2 நிமிடத்தில் வெற்றியாக மாறிவிடுகிறது, ஒருமுறைகூடத் தவறுவதில்லை. திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்த பெரியவருக்கு 14 நிமிடம் ஆனது. நாங்கள் இருக்கையைப் பிடித்துவைத்திருப்பது 10 நிமிடம். அந்த 14ஐ எந்த ஆவணத்திலிருந்தும் எடுக்கவில்லை, எந்தச் சாண்ட்பாக்ஸும் தரவில்லை. அன்றிரவு ஹெட்செட்டோடு உட்கார்ந்து எழுதிய தாளிலிருந்து எடுத்து, ஸ்டப்பில் கையால் எழுதிவைத்திருக்கிறேன்.